வேலிக் கட்டையில் கரிக்கோடு

ஆர்வில் டெட்ரிக் தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட விதத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான். அதில் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"வெர்ன் பக்லியைச் சுட்டது நான்தான். என் வேலி ஓரமா நின்னு, ஒத்தைக் கையில பிடிச்சு, ஐம்பது கெஜத்துல சுட்டேன். குறி வெச்ச இடத்துலதான் பட்டுது. போதுமா?"

சனிக்கிழமை ஷெரிஃப் அலுவலகத்தில் இதைத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார். திங்கட்கிழமை காலையில் எங்கள் எதிரில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் மந்திரம் சொல்வது போல மறுபடியும் சொன்னார்.

எங்கள் என்றால் ரமோனா ப்ரைஸும் நானும். ரமோனா ஒரு காலத்தில் ஐடஹோ மாநிலப் போலீசில் துப்பறிந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் கஸ், அவருடைய உதவியாள். அதற்கு முன்பு பழைய கார் விற்றுக்கொண்டிருந்தேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பொய்யைக் கண்டுபிடிக்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்தவன்.

எங்களைக் கூப்பிட்டது ஆர்வில்லின் மகள் நோரீன். அப்பாவும் வெர்னும் பள்ளிக்கூடத்திலிருந்தே இணைபிரியாத சிநேகிதர்கள், ஞானஸ்நானத்தில் தனக்கு ஞானத் தகப்பனாக நின்றவரே வெர்ன்தான், அப்பா அவரைச் சுட்டார் என்றால் சூரியன் மேற்கே உதித்தது என்றுதான் அர்த்தம் என்று அழுதாள். வெர்ன் தோளில் குண்டு வாங்கிப் பிழைத்துக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கொலை முயற்சி வழக்கு. குறி வைத்துத்தான் சுட்டேன் என்று மனுஷன் தன் வாயாலேயே சொன்னால் இருபது வருஷம் நிச்சயம். எழுபதைத் தாண்டியவருக்கு இருபது வருஷம் என்றால் என்ன என்று நோரீனுக்குக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

சுட்ட ரிவால்வர் ஆர்வில்லுடையது. அதையும் அவரே கொண்டுவந்து ஸார்ஜென்ட் ஸ்வீனியின் மேஜையில் வைத்துவிட்டார். ஸ்வீனி பாவம், அதைத் தொடவே தயங்கினாராம். எங்கள் ஜில்லாவின் கைத்துப்பாக்கிப் போட்டியில் வருஷா வருஷம் முதலாவதாக வருபவர் ஆர்வில், இரண்டாவதாக வருபவர் ஸ்வீனி. நின்ற நிலையில், ஒற்றைக் கையில், எதிலும் சாயாமல் சுட வேண்டிய போட்டி அது. முட்டுக் கொடுத்துச் சுடுபவர்களை ஆர்வில்லுக்குக் கண்டாலே ஆகாது. யாராவது மணல் பையின் மேல் துப்பாக்கியை வைத்தால் பக்கத்தில் போய் நின்று, "தொட்டிலும் கொண்டு வரட்டுமா?" என்று கேட்பார். ஊரில் பாதிப் பேர் அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நானும்தான்.

அந்தப் பழைய பாக்கியை மனதில் வைத்துக்கொண்டோ என்னவோ, நான் ஒரு வேலை செய்தேன். ஒரு கோப்பை காப்பியை விளிம்பு தளும்ப ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "ஜெயில் காப்பி சாம்பியனுக்கு இறங்காதோ?" என்று கேட்டேன். வாசலில் நின்ற ஸ்வீனி சிரித்தார். ஆர்வில் முகம் சிவந்து சுவரைப் பார்த்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றார் ரமோனா, வெளியே வந்ததும்.

"சாவி உங்ககிட்ட இருந்தா சரிதான், பாஸ்."

அங்கிருந்து நேராக ஆர்வில்லின் வேலிக்குப் போனோம்.

அவர் நிலத்துக்கும் வெர்னின் வீட்டுக்கும் நடுவே ஓடை. பனி உருகிய தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. வேலியின் மேல்கட்டை தட்டையான பழைய பலகை. அங்கே நின்று பார்த்தால் அக்கரையில் வெர்ன் வீட்டு முன்வாசலும், அதைச் சுற்றி இடுப்பளவு உயர மரக் கைப்பிடியும், பின்னால் கதவும் தெளிவாகத் தெரிந்தன. நான் கையை நீட்டிக் குறி பார்ப்பது போல நின்று பார்த்தேன். காற்றில் என் விரலே ஆடியது. இங்கிருந்து ஒற்றைக் கையில் ஒரு மனிதனின் தோளைத் தொடுவதென்றால் இந்த ஜில்லாவில் இரண்டே பேரால்தான் முடியும். ஒருவர் உள்ளே இருக்கிறார், இன்னொருவர் அவருக்குக் காவல் இருக்கிறார்.

ரமோனா அக்கரையைப் பார்க்கவே இல்லை. வேலிப் பலகையைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் குனிந்தார்.

"கஸ், நீ சிகரெட்டை விட்டுட்டே இல்ல?"

"போன வருஷமே."

"அப்ப இது என்ன?"

பலகையில் விரல் நீளத்துக்கு இரண்டு கரிக்கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். நடுவே ஒரு துப்பாக்கியின் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் புதிதாக ஒரு சின்ன நசுங்கல். யாரோ இரண்டு சிகரெட்டை ஒரே சமயத்தில் அணைத்திருக்கிறார்கள், பேராசைக்காரர் என்றேன்.

ரமோனா பொறுமையாகச் சொன்னார். ரிவால்வரில் குண்டுகள் உட்கார்ந்திருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை அளவு சந்து உண்டு. சுடும்போது அந்தச் சந்து வழியாக இரண்டு பக்கமும் நெருப்பு பீறிடும். கையில் பிடித்துச் சுட்டால் காற்றோடு போய்விடும். எதன் மேலாவது வைத்துச் சுட்டால் அந்த இடத்தில் இப்படிச் சூடு போட்டுவிடும்.

நான் துள்ளினேன். நின்று சுடவில்லை, வைத்துச் சுட்டிருக்கிறார்கள். அப்படியானால் சாம்பியன் தேவையே இல்லை. முட்டுக் கொடுத்துவிட்டால் துப்பாக்கியின் ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கிவிடும். நிதானமாக விரலை மடக்கத் தெரிந்த யாரும் ஐம்பது கெஜத்தில் தொட்டுவிடலாம். என்னாலேயே முடியும். தூக்கம் வந்தால்கூட நின்றுகொண்டே தூங்குகிற ஆள் ஆர்வில். உயிர் போனாலும் துப்பாக்கியைப் பலகையில் வைக்க மாட்டார்.

"கிழவர் யாரையோ காப்பாத்தறார், பாஸ். நோரீன் அன்னிக்குக் காலைல சர்ச்சுல கேக் வித்துட்டிருந்தா, பாதி ஊர் பாத்திருக்கு. மிச்சம் யாரு? மருமகன்."

மருமகன் டேரல், ஆர்வில்லின் வீட்டுக்குப் பின்னாலேயே குடியிருப்பவன். ஓடைக் கரையில் மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களுக்குக் குடில் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஜில்லா கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கெடுத்தவர் வெர்ன். ரிவால்வர் ஆர்வில்லின் சமையலறைக் கதவில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எனக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ரமோனா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அக்கரைக்கு வா" என்றார்.

வெர்ன் வீட்டு முன்வாசல் கைப்பிடியில், சரியாக நடுவில், ஒரு காப்பித் தகர டப்பா நின்றது. கழுவித் துடைத்த காலி டப்பா. செடியும் இல்லை, சிகரெட் துண்டும் இல்லை. அதற்கு நேர் பின்னால் கதவுச் சட்டத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. ரமோனா வெர்ன் நின்ற இடத்தில் போய் நின்றார். டப்பா அவர் வயிற்றுக்கு நேராக இருந்தது. வெர்னுக்குக் குண்டு பட்டது தோளெலும்புக்குக் கீழே, அதாவது டப்பாவுக்கு ஒரு சாண் மேலே.

விறகுக் கொட்டகைக்குள்ளும் எட்டிப் பார்த்தோம். ஒரு பலகை முழுக்க அதே மாதிரி டப்பாக்கள், துருப்பிடித்தவை. ஆணியும் திருகாணியும் போட்டு வைத்திருந்தார். எல்லா டப்பாவிலும் முன்பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை, பின்பக்கம் கிழிசல். ஓட்டை வரைக்கும்தான் ஆணி.

"இந்த மனுஷனுக்கு எதையும் பாதிதான் ரொப்பத் தெரியும் போல" என்றேன்.

ரமோனா சிரிக்கவில்லை. ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற ஓட்டை விழாத டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் வெர்ன் ஒரு பக்கத் தோள் முழுக்கக் கட்டோடு கிடந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். வழக்கு வேண்டாம் என்று அரசு வக்கீலிடம் சொல்லிப் பார்த்தாராம், அந்த ஆள் கேட்கவில்லையாம். தன் தோள், தன் ரத்தம், வேறு யாருக்கு என்ன வந்தது என்று பொரிந்து தள்ளினார்.

"ஆர்வில் எப்படிச் சுட்டார்னு பாத்தீங்களா?" என்று கேட்டார் ரமோனா.

"பாத்தேன். நின்னு சுட்டான். கை நேரா, ஆணி அடிச்ச மாதிரி. எப்பவும் போல. அதை எழுதிக்குங்க."

"வாசல்ல ஒரு டப்பா இருக்கே?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான்தான் வெச்சேன். காப்பி ரெடின்னு அர்த்தம்" என்றார். கண் கலங்கியிருந்தது. நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டாள்.

வண்டியில் வரும்போது என் கட்சியை இன்னும் பலப்படுத்தினேன். பலகை பொய் சொல்லாது. ஆக, இரண்டு கிழவர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு ஞானமகள். அவள் புருஷன் ஜெயிலுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். ரமோனா வண்டியை ஓட்டிக்கொண்டே, வாசலில் டப்பா வைத்தால் காப்பி ரெடி என்று அர்த்தம் என்றால் அதற்குப் பதில் எப்படி வரும் என்று கேட்டார். போன் பண்ணுவார்களாக இருக்கும் என்றேன். என் புத்திசாலித்தனம் அன்றைக்கு அந்த லட்சணத்தில் இருந்தது.

டேரல் மாட்டுத் தீவனக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். கடையில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் தெரிந்த முகங்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ரமோனாவும் அதற்குத்தான் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"டேரல், சனிக்கிழமை காலைல மாமனார் ரிவால்வரை வேலிக் கட்டையில வெச்சு வெர்னைச் சுட்டது நீதானே? வேஷம் போடாம சொல்லிடு."

கடை அப்படியே நின்றுவிட்டது. டேரலின் காது வரைக்கும் ரத்தம் ஏறியது. சனிக்கிழமை காலை முழுக்க அவன் இங்கே லாரியிலிருந்து வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தான்; இறக்கியவர்களில் மூன்று பேர் இதோ நிற்கிறார்கள் என்று விதை மூட்டைப் பக்கமிருந்து ஒரு பெண்மணி சொன்னாள். அவளும் அவர்களில் ஒருத்தி. மற்ற இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது.

டேரல் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. வேறொன்றைக் கேட்டான்.

"கட்டையில எதை விரிச்சு வெச்சு சுட்டாங்க?"

"எதையும் விரிக்கல. வெறும் கட்டை. சூடு பட்டிருக்கு."

அவன் முகத்தில் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. "வெறும் கட்டையிலயா? யாருய்யா அந்த மடையன்?" தன் தொப்பியைக் கழற்றி மடித்துக் கல்லா மேல் வைத்தான்; அதன் மேல் விலைச் சீட்டு ஒட்டும் கருவியைத் துப்பாக்கி மாதிரி வைத்துக் காட்டினான். "இப்படி வைக்கணும். தொப்பி, கையுறை, கழட்டின சட்டை, ஏதோ ஒண்ணு மெத்துனு கீழ இருக்கணும். கெட்டியான எது மேலயாவது வெச்சா துப்பாக்கி துள்ளும், குண்டு மேல போயிடும். என் பொண்ணுக்கு ஏழு வயசு, அவளுக்கே தெரியும்."

கடையில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆமாம், சின்ன வயதில் மான் வேட்டைக்குப் போகும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்களே என்றார் ஒருவர். அது தெரியாத ஆள் இந்த ஜில்லாவில் யார் இருக்கிறார் என்றார் இன்னொருவர்.

ரமோனா என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். வண்டியில் ஏறியதும், சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"கஸ், இந்த ஊர்ல வாழ்நாள்ல ஒரு தடவைகூட முட்டுக் கொடுத்து சுடாதவர் யாரு?"

எனக்கு இப்போது புரிந்தது. பலகையில் துப்பாக்கியை வைத்தவர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் வெறும் பலகையில் வைக்கக்கூடியவர் ஒருவர்தான். தொட்டில் கொண்டு வரட்டுமா என்று ஊரையே கேலி செய்தவருக்குத் தொட்டிலில் மெத்தை போட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. எப்போதும் கையில் பிடித்துச் சுடுபவர் ஏன் வைத்துச் சுட்டார் என்ற கேள்விக்கும் பதில் காலையிலேயே என் கண் முன்னால் இருந்தது. மேஜைக்கு அடியில் இருந்த இரண்டு கைகள். தளும்பத் தளும்ப நான் ஊற்றி வைத்த காப்பி. அதைப் பார்த்து நான் அடித்த ஜோக். வண்டியின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே பார்த்தேன்.

திரும்பிப் போனபோது நோரீன் ஷெரிஃப் அலுவலக நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரமோனா அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஸ்வீனியையும் வெளியே இருக்கச் சொன்னார். நான் இந்த முறையும் காப்பி கொண்டு போனேன். அரைக் கோப்பைதான் ஊற்றினேன். நல்லது செய்வதாக நினைப்பு. அந்த அரைக் கோப்பையைப் பார்த்த மாத்திரத்தில் ஆர்வில்லுக்கு விளங்கிவிட்டது. அவர் முகம் தொங்கியதைப் பார்த்ததும், தளும்ப ஊற்றியதே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

"யார் சொன்னா?" என்றார்.

"உங்க வேலி சொல்லுச்சு" என்றார் ரமோனா. "டப்பாவைத்தானே சுட்டீங்க?"

ஆர்வில் பிடிவாதம் எதுவும் மிச்சமில்லாத குரலில் பேசினார். சின்ன வயதிலிருந்து அவர்களுக்குள் இருந்த பழக்கம் அது. காப்பி போட்டதும் வெர்ன் காலி டப்பாவை வாசல் கைப்பிடியில் வைப்பார். ஆர்வில் வேலியருகே நின்று அதில் ஓர் ஓட்டை போட்டால், இதோ வருகிறேன் என்று அர்த்தம். வெர்ன் கல்யாணம் செய்துகொண்ட பிறகு மனைவி இந்தப் பைத்தியக்காரத்தனத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள், நிறுத்திவிட்டார்கள்.

"வியாழக்கிழமை வெர்ன் வந்தான். என் கையைப் பாத்துட்டே, போட்டியிலேர்ந்து விலகிடு ஆர்வில்னான். போன வருஷக் கோப்பை என் அலமாரியிலதானே இருக்குன்னேன். அப்பதான் சொன்னான். புள்ளி எண்றது அவன்தானே? ரெண்டு வருஷமா குறி அட்டையில வட்டக் கோட்டுக்கு வெளிய விழுந்த ஓட்டையெல்லாம் கோட்டைத் தொடுதுன்னு எழுதியிருக்கான். எனக்காக. இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கான். நான் அதைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கேன்."

"அப்ப அந்த ரெண்டு வருஷமும் ஜெயிச்சிருக்க வேண்டியவர்?" என்றார் ரமோனா.

ஆர்வில் மோவாயால் கதவைக் காட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்வீனி.

அன்றைக்கு வெர்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டாராம். சனிக்கிழமை காலையில் பார்த்தால், எத்தனையோ வருஷம் கழித்து, அக்கரை வாசலில் டப்பா. சமாதானமாகப் போய்விடலாம், வா என்று கூப்பிடுகிறான். பழைய முறையிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று இவருக்கு ஆசை. கை இன்னும் இருக்கிறது என்று காட்டவும் ஆசை. ரிவால்வரை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார்.

"தூக்கினேன். துப்பாக்கி முனை அந்த வீடு பூரா அலையுது. இறக்கிட்டு மறுபடி தூக்கினேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பாத்தேன். ம்ஹூம்." இங்கே நிறுத்தினார். சொல்லாமலே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். "அப்புறம் சுத்தும் முத்தும் ஒரு தரம் பாத்துக்கிட்டேன். யாரும் இல்ல. வெச்சேன்."

சுட்டுவிட்டேன் என்று மூன்று நாளாக நிமிர்ந்து சொன்னவர், சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தேன் என்று சொல்லும்போது கல்லாப் பெட்டியில் கை வைத்து அகப்பட்டவன் போலக் குறுகிப்போனார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டப்பா அசையவே இல்லையாம். அந்த நேரம் பார்த்து வெர்ன் கதவைத் திறந்துகொண்டு வந்ததை இவர் கவனிக்கவில்லை. விழுந்தபோதுதான் பார்த்தார். ஓடைத் தண்ணீரில் இறங்கி ஓடினார்.

"ரத்தம் கொட்டுது, அவன் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு என்ன கேட்டான் தெரியுமா? நீ நின்னுதானே சுட்டேன்னு கேட்டான். ஆமான்னேன்."

அப்போதுதான் எனக்கு ஆஸ்பத்திரிப் பொய்யும் விளங்கியது. நின்றுதான் சுட்டான் என்று வெர்ன் அடித்துச் சொன்னது சிநேகிதனுக்குச் செய்த மரியாதை. நின்று சுட்டவனுக்குக் குறி தப்பாது, அதனால் வெர்னைக் குறி பார்த்துத்தான் சுட்டான் என்று அதைச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ரமோனா நிலைமையை விளக்கினார். டப்பாவைச் சுட்டபோது தவறிப் பட்டது என்றால் பொறுப்பில்லாமல் சுட்ட குற்றம். தண்டனை உண்டு, ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரலாம். வெர்னைக் குறி வைத்தேன் என்றே நின்றால் திரும்பி வர முடியாது. எதற்காக வைத்துச் சுட்டார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். கோர்ட்டில் போட்டிக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

"இருபது வருஷத்தை ஏத்துக்கறேன்" என்றார் ஆர்வில். "நான் நின்னு சுட்டதாவே இருக்கட்டும். நோரீனுக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

ரமோனா குரலை உயர்த்தவில்லை. "நோரீன் நடையில உக்காந்து அழுதுட்டிருக்கா. அவளுக்கு ரெண்டுல ஒரு அப்பாதான் கிடைப்பார். கை நடுங்கற அப்பா, இல்லைன்னா சிநேகிதன் மாரைக் குறி பாத்து சுட்ட அப்பா. எதைக் கொடுக்கப் போறீங்க?"

ஆர்வில் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏதாவது சொல்லி அந்த அறையை லேசாக்க நினைத்தேன். வாயில் வந்ததெல்லாம் அசிங்கமாகப்பட்டது. காலையில் இதே மனிதரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், இதே ஊரில் டேரலின் பெயரைக் கெடுக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டும் சொந்தமாக இல்லை.

"ஸ்வீனிகிட்டதான் சொல்லணுமா?" என்று கேட்டார் ஆர்வில்.

பக்கத்து ஜில்லாவிலிருந்து வேறு ஆளை வரவழைக்கலாம் என்றார் ரமோனா. கிழவர் அதை யோசித்துப் பார்த்தார். அவருக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வேணாம். அவனையே கூப்பிடு."

ஸ்வீனி வந்து கதவை ஒருக்களித்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஆர்வில் மேஜைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து மேலே வைத்தார். இரண்டும் ஆடின. மேஜையும் சேர்ந்து ஆடியது, காப்பி அலையடித்தது. ஸ்வீனி ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் காகிதத்தைப் பார்த்தார். வியாழக்கிழமைச் சண்டையை எழுதினார். வெர்ன் திருத்திப் போட்ட புள்ளிகளையும், அதனால் கோப்பை யாருக்குப் போகாமல் போனது என்பதையும் ஒரு வார்த்தை பேசாமல் எழுதினார். டப்பாவை எழுதினார். கையைத் தூக்கினேன், முடியவில்லை என்பது வரைக்கும் எழுதிவிட்டு அவருடைய பேனா நின்றது. கண்ணை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அப்புறமும் நின்னபடிதானே சுட்டீங்க, ஆர்வில்? நான் அப்படியே எழுதிடறேன். டப்பாவுக்குக் குறி வெச்சீங்க, தப்பிடுச்சு. அது போதும்."

அந்த மனிதர் இத்தனை வருஷம் ஒரு கோப்பைக்காகக் காத்திருந்தவர். இப்படி ஒரு வழியை அவரே திறந்து விடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆர்வில்லும் நினைக்கவில்லை. அந்த வழியை அவர் நன்றாகவே பார்த்தார்.

"இல்ல, ஸ்வீனி. கட்டையில வெச்சு சுட்டேன். எழுது."

ஸ்வீனி எழுதினார். எழுதியதைக் கையெழுத்துக்கு முன் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தவர், அந்த இடம் வந்ததும் குரலைத் தணித்து, ஒப்புக்கு முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தார்.

"அதைச் சத்தமாப் படி" என்றார் ஆர்வில். "நோரீன் வெளியில இருக்கா. அவ காதுல விழணும்."

ஸ்வீனி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒருக்களித்திருந்த கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அந்த வரியை முதலிலிருந்து படித்தார்.